முடிவு: ஏடு இல்லை

அரபியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அரபுக் கைப்பிரதிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்துக்கு நான்தான் பக்கம் அமைத்தேன். மலேசியாவின் தெப்ராவில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை, கம்ப்யூட்டர் என் மேசையில் இருந்தது, அவ்வளவுதான்.

தொகுத்தவர் ஓய்வுபெற்ற மலாய்ப் பேராசிரியை. மலாயில் அம்மா என்கிற மாதிரி, புவான் என்று கூப்பிடுவேன். ஜொகூரில் வீடு வீடாகப் போய், அலமாரியிலும் பெட்டியிலும் கிடந்த கைப்பிரதிகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதியிருந்தார்: என்ன மொழி, என்ன பொருள், எத்தனை ஏடு. பழைய பிரதிகளுக்குப் பெரும்பாலும் தலைப்பு இருக்காதாம். அதனால் முதல் வரியையும் கடைசி வரியையும் அப்படியே எடுத்துப் போடுவார்கள். அந்த இரண்டு வரிகள்தான் என் உயிரை வாங்கின. மலாய்க்கு நடுவே அரபு வந்தால் கம்ப்யூட்டர் வரியை முன்பின்னாகத் திருப்பிவிடும். நான் திட்டுவேன். புவான் சிரிப்பார்.

அவர் சிரிக்காத இடம் ஒன்றே ஒன்று. மூவாரில் ஒரு வீட்டில் கிடைத்த சின்னப் பிரதி. எழுத்து அரபு, மொழி அரபும் இல்லை, மலாயும் இல்லை. பக்கத்துத் தீவு மொழியாக இருக்குமோ என்று ஆச்சேக்காரர்களிடம் கேட்டார், பூகிஸ்காரர்களிடம் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பொருள் என்ற இடத்தில் 'மந்திரமா?' என்று போட்டுவைத்திருந்தார். இத்தனை வருஷ உழைப்பு இந்தக் கேள்விக்குறியோடு வெளியே போகிறதே என்று புலம்புவார். பல்லில் கீரை ஒட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரிதான் என்று எனக்கும் பட்டது.

கடைசி நாள் முதலாளி கதவருகே நின்று, "இன்னைக்கே புவான்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க லா, நாளைக்கு மெஷின் ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தால் அந்தப் பிரதியின் முதல் வரியில் பாதி எழுத்துகள் வெறும் கட்டங்களாக நிற்கின்றன. கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகளாம். எங்கள் ஃபாண்டில் அவை இல்லை. வேறு ஃபாண்ட் தேடிப் பிடித்து, அவர் விரலால் காட்டக் காட்ட ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முடிந்ததும், சரிபார்க்க அவர் அந்த வரியை முதல் தடவையாக என் எதிரே உரக்க வாசித்தார்.

"சுக்கு ஒரு விரல் நீளம். மிளகு ஒரு கைப்பிடி..."

உச்சரிப்பு கொஞ்சம் கோணல். என் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. பிரதியின் நகலைப் பார்த்து மேலே வாசிக்கச் சொன்னேன். பூண்டு வந்தது, நல்லெண்ணெய் வந்தது.

"புவான், இது மந்திரம் இல்ல. பிள்ளை பெத்தவங்களுக்கு வைக்கிற மருந்துக் குழம்பு."

பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு மலாயில் விளக்கினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழ் எழுதுவார்கள் என்று அவர் படித்திருக்கிறார். ஆனால் தமிழ் என்றாலே வட்ட வட்டமான எழுத்துத்தான் கண்ணில் நிற்கும் என்பதால் தோன்றவே இல்லையாம். நான் மட்டும் என்ன ஒழுங்கு? மாதக்கணக்கில் அந்தப் பக்கத்தைத் திட்டித் தீர்த்தவள். என் இரண்டு பிரசவத்திலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்ட குழம்பு அது.

கேள்விக்குறியை நானே அழித்தேன். மொழி: தமிழ். பொருள்: பிரசவ மருந்து.

ஆனால் கடைசி வரி இல்லை. புளியைக் கரைத்து ஊற்றுவதோடு நின்றது; அடுத்த ஏடு எப்போதோ கிழிந்து போயிருந்தது. புவான் முகம் மறுபடியும் வாடியது. எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை சுண்ட விடவேண்டும், வேறு ஒன்றும் இல்லை என்றேன். தாளில் இல்லாததை அச்சில் போடக்கூடாது என்றார். கறாரான மனுஷி. கடைசித் திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் தன் கையாலேயே தட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்.

புத்தகம் பைண்டாகி வந்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

'முடிவு: கடைசி ஏடு இல்லை. பக்கம் அமைத்தவருக்குத் தெரியும்.'