இது அந்த வலி இல்லீங்க

எங்கள் வீட்டில் முருகனுக்குக் கிடைத்த பேரில் பாதி, நியாயமாகப் பார்த்தால், ஒரு சின்ன வெள்ளை மாத்திரைக்குப் போயிருக்க வேண்டும்.

நான் இரண்டாவது படிக்கும்போது அம்மாவுக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாது. பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை; துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று நாள் முழுக்க மேசை முன்னால் நின்றபடி பார்க்க வேண்டும். கால் போனால் வேலை போச்சு. அந்தப் பயத்திலேயே பாதி இளைத்துப் போயிருந்தாள்.

கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று ஒரு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறு வாரமே அம்மா ஓடிப்போய்க் கம்பெனி வேனைப் பிடித்தாள். அப்புறம் யார் டாக்டரிடம் போவது? மருந்துக்கடைக்காரர் அம்மாவின் தலையைக் கண்டதுமே ஒரு அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அம்மாவின் முகம் வட்டமாக உப்பியது.

"நல்லா சதை வெச்சுட்டே! இப்பத்தான் புள்ளே பாக்கறக்கு லட்சணமா இருக்கறே" என்று பெரியம்மா கன்னத்தைக் கிள்ளினாள். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கால் சரியானால் பழனிக்கு நடந்தே வருவதாக அம்மா எப்போதோ வேண்டியிருந்தாள். அவள் தம்பி, என் மாமா, அதை மறக்க விடவில்லை. தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் கூட்டம் சேர்த்துக்கொண்டு போகிற ஆள் அவர். சாமான் ஏற்றிய டெம்போ பின்னால் வரும், மாமா முன்னால் அரோகரா போட்டுக்கொண்டு போவார். நான் நாலாவது படித்த வருஷம் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பச்சை உடுத்தி, செருப்பில்லாமல் அந்தக் கூட்டத்தோடு கிளம்பினோம்.

முதல் நாள் அவிநாசிபாளையத்தில் தங்கினோம். மறுநாள் காலையில் அந்த ஊரைத் தாண்டியதும் அம்மா தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கினாள். குழியும் இல்லை, கல்லும் இல்லை. சும்மா கால் வைத்ததுதான். "ஐயோ" என்று அப்பாவின் தோளைப் பிடித்தாள்.

"ஏனுங்க, இது அந்த வலி இல்லீங்க. வேற மாதிரி இருக்குதுங்க."

அப்பா கெட்டவர் இல்லை. குனிந்து பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார். "அதே கால்தானே புள்ள? நேத்துப் பூரா நடந்தமல்ல, பழைய வலி கெளம்பியிருக்கும்" என்றார். மாமா டெம்போவிலிருந்து தைலத்தை எடுத்து வந்து அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

"மாத்தரயப் போட்டுட்டு நட அக்கா. முருகன் பாத்துக்குவான்!"

போட்டாள், நடந்தாள். கூட்டத்தில் எல்லாருமே நொண்டிக்கொண்டுதான் வந்தார்கள். அதில் அம்மா நொண்டியது மட்டும் தனியாகவா தெரியப் போகிறது? எனக்குக் கால் வலித்தபோது டெம்போவில் ஏற்றி உட்கார வைத்தார்கள். அம்மா வேண்டிக்கொண்டவள், அவள் ஏறக் கூடாது. குண்டடம் வருவதற்குள் ரோட்டோரமாக உட்கார்ந்தாள். அப்புறம் அவளால் எழவே முடியவில்லை. பாதம் புடைத்து நீலம் பாரித்திருந்ததைப் பார்த்த பிறகுதான் மாமாவின் அரோகரா அடங்கியது.

தாராபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா மாத்திரை விவரத்தைக் கேட்டார். வாத நோயே எலும்பை இளக்கிவிடும், வருஷக்கணக்கில் இந்த மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், சும்மா நடந்தாலே ஒடியும் என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! அட்டையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போடப் போனார்.

"சட்டுனு நிறுத்தவும் கூடாதுங்க! கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்று டாக்டரம்மா அதட்டினார். பிறகு படத்தில் பக்கத்து எலும்பைக் காட்டினார். "இன்னைக்கு ஒடஞ்சது இது. அது எப்பங்க ஒடஞ்சுது? பல மாசம் இருக்கும். தானாவே கூடியிருக்குது, கோணலா."

அம்மா திருதிருவென்று முழித்தாள். "தெரியலீங்களே. வலி எப்பவும் இருக்கறதுதானுங்க."

எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கம்மாவுக்கு ரெண்டு எலும்பு ஒடிந்தது, ஒன்று ஒடிந்ததே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் அளந்தேன். கட்டுப் பிரித்த பிறகும் அம்மாவால் அந்த மேசை முன்னால் நிற்க முடியவில்லை, வேலை போயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஆனால் அதைவிட அந்த இன்னொரு எலும்புதான் என்னை அறுக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

அது ஒடிந்த அன்றைக்கும் அம்மா எங்களுக்குச் சோறு கட்டியிருப்பாள், எனக்குத் தலை பின்னிவிட்டிருப்பாள், வேனைப் பிடித்துப் போய்ச் சாயங்காலம் வரை நின்றிருப்பாள். நொண்டியிருப்பாள். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்போம். அது எந்த நாள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.