எதிர் நாற்காலியில் அந்த ஆள்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கவுன்சிலிங் ஆரம்பித்தபோது பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும்தான் நடந்தது. வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் டிரெய்னிங் ரூமில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். முதலில் எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. சில வாரம் போனதும் கவுன்சிலர் மேடத்தால் எங்களை நிறுத்தவே முடியவில்லை. அங்கேதான் நானும் வாய்விட்டுச் சொன்னேன். நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் எங்கள் லைன் சூப்பர்வைசர் போன் செய்கிறான். எடுக்காவிட்டால் மறுநாள் ஆளில்லாத பேக்கிங் மூலையில் தனியாகப் போடுகிறான். அங்கே வந்து வந்து நிற்கிறான். பக்கத்திலிருந்த மண்ணூர் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“எனுக்கும் அதேதான்டி. சொல்லாம அடக்கிகினு கீறேன்.”

அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆண்கள் குழு உருப்படவில்லை. பைக், கிரிக்கெட், ஓ.டி. தவிர வேறு பேச்சே இல்லையாம். பெண்கள் கூட இருந்தால் அவர்களும் மனம் திறப்பார்கள் என்று மேடம் இரண்டு குழுவையும் ஒன்றாக்கிவிட்டார். அவர்கள் வியாதிக்கு நாங்கள் கஷாயம்.

அடுத்த வியாழக்கிழமை என் எதிரில் அந்த ஆள், அதே சூப்பர்வைசர். பதவி தெரியக்கூடாதென்று எல்லோரும் ஐடி கார்டைக் கழற்றி மேசைமேல் வைக்க வேண்டுமாம். கார்டைக் கழற்றினால் ஆள் மாறிவிடுவானா? நான் சொன்னதை யாராவது உளறிவிடுவார்களோ, ஏற்கெனவே அவன் காதுக்குப் போய்விட்டதோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

மேடம் நினைத்தபடியே ஆண்கள் பேசினார்கள். அந்த ஆளும் பேசினான். டார்கெட்டை நினைத்தால் தூக்கமே வருவதில்லை, அப்பா செத்தபோதுகூட அழ முடியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதான். நடிப்பில்லை, நிஜ அழுகை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. மண்ணூர் அக்காவே எழுந்துபோய்த் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். இனி நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

என் முறை வந்தது. அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“பயப்படாம சொல்லும்மா. இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத் தூங்குறேன்” என்றேன்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண்கள், அக்கா உட்பட, வரிசையாக அதையே சொன்னார்கள்.