இடது கை தூக்கியவர்கள்

முத்தாபுதுப்பேட்டை சாமுண்டீஸ்வரிக்கு நாயைக் கண்டு பயமில்லை, பாம்பைக் கண்டு பயமில்லை. மாமியாருக்கே பயந்தவள் இல்லை. அப்படிப்பட்டவளை முப்பத்தெட்டாவது வயதில் கிடுகிடுவென்று நடுங்க வைத்தது ஒரேயொரு பாடவேளை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருஷம் அறிவியல் நடத்தியவள்தான். பி.எஸ்சி. இருந்தது, பி.எட். இல்லை. புதிதாக வந்த தாளாளர் ஒருநாள் கூப்பிட்டு, "ரெண்டு வருஷம் டைம் தரேன்மா. சர்டிபிகேட்டோட வந்தா ஒன்பதாவது, பத்தாவது உங்களுக்குத்தான். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், எல்லோருக்கும் இவள் அக்கா. ரெக்கார்டு, பாடத்திட்டம், சார்ட்டு என்று எழுதியெழுதியே விரல் காய்த்துப்போனது. எல்லாவற்றையும் தாண்டியாயிற்று, மிச்சம் கமிஷன்தான்.

கமிஷன் என்றால் வேறொன்றுமில்லை. வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள், பயிற்சி ஆசிரியர் அவர்கள் எதிரில் பாடம் நடத்த வேண்டும். கோட்டை விட்டால் அடுத்த கமிஷன் அடுத்த வருஷம். தாளாளர் கொடுத்த கெடுவோ வருகிற ஜூன்.

"அக்கா, ஏன் சாவுறீங்க? கிளாஸ ரெடி பண்ணிடலாம்" என்றாள் கூடப் படிக்கும் திவ்யா. ஆவடிக்குப் பக்கத்தில் அவர்கள் பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. மூன்று நாள் ஒத்திகை நடந்தது. கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பின்னால் இருந்து பார்ப்பவருக்கு வகுப்பே துடிப்பாகத் தெரியும். டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்பினால் போதும். பல வகுப்புகளைக் கரையேற்றிய பழைய தந்திரம் இது.

அன்று காலை சாமுண்டீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் எத்திராஜ் கம்பெனி வேன் ஓட்டுகிறவன், பைக்கில் கொண்டுவந்து விட்டான். "இன்னா, கை இப்டி ஜில்லுனு கீது? உன்ன இன்னா தூக்குலயா போடப் போறாங்கோ?" என்று சிரித்தான்.

மணி அடித்தது. கண்ணாடி போட்ட அம்மையார் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மிதத்தல் பாடம். வாளித் தண்ணீரில் ஆணியைப் போட்டாள், மூழ்கியது. எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தாள், மிதந்தது.

"ஆணியைவிடக் கிண்ணம் கனம். அது ஏன் மிதக்குது?"

நாற்பத்திரண்டு கைகள் சடாரென்று உயர்ந்தன. அம்மையார் தலையாட்டினார். அங்கேதான் சனியன் பிடித்தது. எதிரும் புதிருமாக நிற்பவர்களுக்கு வலமும் இடமும் மாறிப்போகும் என்பது இத்தனை வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு அந்த நிமிஷம் மறந்தே போனது. தன் வலது கைப் பக்கம் உயர்ந்திருந்த கையாகப் பார்த்து, "அகல்யா, நீ சொல்லு" என்றாள்.

அகல்யா எழுந்தாள். பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு அழுகிற குரலில், "மிஸ், நான் லெப்ட்டு மிஸ். தெரியாதவங்க லெப்ட்டு தூக்கணும்னு நீங்கதான சொன்னீங்கோ?" என்றாள்.

அடிப்பாவி! சாமுண்டீஸ்வரிக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. அம்மையார் பேனா அசையவில்லை. முதல் தடவையாக அவள் கைகளை எண்ணிப் பார்த்தாள். வலது கை ஐந்து. மற்றதெல்லாம் இடது. மூன்று நாளாக இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள், இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாரும் கையக் கீழ விடுங்க" என்றாள். "அகல்யா, இங்க வா. கிண்ணத்த அமுக்கு."

அகல்யா அமுக்கினாள். "மேல தள்ளுது மிஸ்!"

"இன்னும் அமுக்கு. வாளியப் பாரு."

"தண்ணி ஏறுது மிஸ்."

"இப்ப ஆணிய எடுத்துத் திரும்பப் போடு."

"ஏறவேயில்ல. அது தம்மாத்தூண்டு எடந்தான அடைக்குது... ஓ! கிண்ணம் நெறய தண்ணியத் தள்ளுது, அதான் தண்ணியும் அத்த நல்லா தள்ளுது!"

கூச்சல் எழுந்தது. நாற்பத்திரண்டு பேரும் வாளியைச் சுற்றி நெருக்கியடித்தார்கள், சட்டையெல்லாம் ஈரம். எழுதி வைத்த பாடத்திட்டத்தில் பாதிகூட முடியவில்லை. மணி அடித்தது. அம்மையார் என்னவோ எழுதினார், எழுந்து போனார்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் அவள் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். போன் அடித்தால் திடுக்கிடுவாள். தாளாளர் பெயர் திரையில் வந்தால் எடுக்கவே மாட்டாள். ஒருநாள் சாயங்காலம் முடிவு வந்தது. கமிஷனில் நூற்றுக்கு ஐம்பத்தாறு. பாஸ்.

எத்திராஜ் கால் கிலோ பாதுஷாவோடு ஓடிவந்தான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அதான் பாஸாயிட்டியே. இன்னும் இன்னாத்துக்கு அழுவுற?"

"பூந்தமல்லில பதினோரு வருசம் இப்டித்தான் பாடம் நடத்துனேன்யா" என்றாள் சாமுண்டீஸ்வரி. "புரியுதான்னு கேப்பேன். புரியுது மிஸ்னு கோரஸா சொல்லுவாங்க. ஒரு புள்ளகூட தெரியலன்னு சொன்னதேயில்ல. நானும் மனசு குளுந்து ஊட்டுக்கு வந்துருவேன்."