மூன்று பேரில் ஒருவரைக் கூப்பிட்டேன்

நெல்லித்தோப்பில் நண்பனின் கல்யாணப் பந்தல். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷம் ஆகியும் இங்கே பெண்ணும் மாப்பிள்ளையும் எல்லார் முன்னாலும் ஜோடியாக ஆடுகிறார்கள். வாத்தியக் குழுவில் மூன்றே பேர். கிடார்க்காரர் பாடுகிறார், இன்னொருவர் டிரம் அடிக்கிறார். மூன்றாமவர் ஓரமாக உட்கார்ந்து அக்கார்டியனை மெல்ல விரித்து மூடுகிறார். வலது கை கட்டைகளின் மேல் சும்மா கிடக்கிறது. ஆள் ஒப்புக்குத்தான் என்று நினைத்து, கையசைத்துக் கூப்பிடுகிறேன்.

அவர் பதறி, வாத்தியத்தை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடி வருகிறார்.

"என்னங்க முசியே, மாப்ள வூட்ல எதுனா சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லை. விழுப்புரத்துக்குச் சாயங்கால பஸ் எத்தனை மணிக்கு?"

அவர் தவிப்போடு திரும்பிப் பார்க்கிறார். பின்னால் பாட்டு நின்றுவிட்டது. டிரம்காரர் மெட்டைச் சீட்டியடிக்கிறார்.

"நீங்க இல்லாமலும் நடக்குதே!" என்று சிரிக்கிறேன்.

"எங்க நடக்குது? பாட்டத் தாங்குற அடி சுரம் என் இடது கையிலதாங்க இருக்கு. நான் எழுந்து வந்துட்டேன், அத கிடாரு புடிச்சிக்கிட்டாரு. அத வாசிச்சிக்கிட்டே அவரால பாட முடியாது. அதான் டிரம்காரரு சீட்டியடிச்சி சமாளிக்கிறாரு."

பந்தல் நடுவே பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்தபடி பாட்டுக்காகக் காத்து நிற்கிறார்கள். எல்லார் கண்ணும் என் மேல்.

"அஞ்சரைக்குங்க முசியே" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவர் ஓடுகிறார்.

மணி ஒன்றரைதான் ஆகிறது. இப்போதே போய் பஸ்ஸுக்கு நிற்கலாம் போலிருக்கிறது.