ஸ்டெல்லாவின் பதினோரு கதைகள்

போன ஞாயிறு பெங்களூர் அல்சூரில் ஒரு வாசகர் கூட்டம். முடிந்ததும் ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி வந்து, "கதை எழுத என்னக்கா பண்ணணும்?" என்று கேட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய ஆள் மாதிரி நாலு வார்த்தை சொன்னேன். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது, அதில் ஒன்றுகூட என்னுடையதில்லை. எல்லாம் ஸ்டெல்லா சொன்னவை.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் ஒரு கார்மென்ட்ஸில் பக்கத்துப் பக்கத்து மிஷின். அவள் லிங்கராஜபுரம், நான் ஜீவனஹள்ளி. மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் மணக்க, சாப்பாட்டு நேரத்தில் எழுதியதைப் படித்துக் காட்டிக்கொள்வோம். என் நாயகிகள் பக்கத்துக்குப் பக்கம் அழுவார்கள். "அழுதாள்னு எழுதாதடி. அப்ப அவ கை என்ன பண்ணிச்சு, அத எழுது" என்பாள். "மொதல்ல முடி, அப்புறம் திருத்து. வாய்விட்டுப் படி. நாக்கு தடுக்கற எடத்துல வெட்டு."

அந்த வருஷக் கடைசியில் காவேரிக் கலவரம். அவள் தெருவில் தமிழ் வீடுகளாகப் பார்த்துக் கல்லெறிந்தார்கள். கதை நோட்டைத் துணிப்பையில் போட்டு என்னிடம் தந்தாள். "உங்க தெரு பரவால்ல. வச்சிரு." உள்ளே பதினோரு கதைகள்.

மறுநாள் எங்கள் தெருமுனைக் கடை எரிந்தது. வீடுவீடாக வருகிறார்கள் என்று யாரோ சொல்ல, அப்பா தமிழ்க் காலண்டரைக் கிழித்தார். நான் என் நோட்டை அரிசி டப்பாவுக்குள் அமுக்கினேன். இன்னொன்றுக்கு இடமில்லை. அவளுடையதை வெந்நீர் அடுப்பில் போட்டேன். கடைசிவரை யாரும் வரவில்லை.

கம்பெனி திறந்த அன்று சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், கோத்ததை உருவி மறுபடி கோத்தாள். "பரவால்ல. திரும்ப எழுதிக்கறேன்." என் நோட்டு தப்பியதை நான் சொல்லவில்லை.

அவள் வீட்டார் குடியாத்தம் பக்கம் போய்விட்டார்கள். ஒரு கடிதம் வந்தது: "ஏழு கதை வந்துடுச்சு. மிச்சம் நாலு வரமாட்டேங்குது, பேரு கீழ எழுதிருக்கேன். உனக்கு ஞாபகம் இருக்கறத எழுதி அனுப்பு." நாலும் ஞாபகம் இருந்தன. எழுதினேன். என் கதைகளைவிட நன்றாக இருந்தன. அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவள் தம்பி வந்தான். மஞ்சள்காமாலையில் போய்விட்டாளாம். அவள் திரும்ப எழுதிய நோட்டு எங்கே என்று கேட்டேன். "அவ ஆசையா எழுதுனதுன்னு அம்மா சவப்பெட்டிலயே வச்சுட்டாங்கக்கா."

என்னிடமிருந்த நாலை என் பெயரில் அச்சுக்குத் தர மனசு வரவில்லை. அவள் பெயரில் தந்தால் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். வீடு மாறியபோது எந்த மூட்டையிலோ அவையும் போயின.