கதவருகே நின்ற குரல்

செவ்வாய்க்கிழமை காலை ஒஸ்லோவின் ட்வெய்ட்டா நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஸ்டாவ்ரோஸ் தொலைபேசியில் அழைத்தார். "சிவா போய்விட்டார்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். ரயில் வந்தது. கதவு திறந்தது, மூடியது. நான் ஏறவில்லை.

சிவநேசன் அண்ணன் ஒஸ்லோவில் டிராம் ஓட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் சில குளிர்காலங்கள் மீன் வெட்டி, பிறகு தெற்கே இறங்கியவர். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரேக்கர்களின் தேவாலயத்துக்கு. இரண்டாவது எப்படி என்று அவரை அறியாதவர்கள் கேட்கக்கூடும்.

கிரேக்கர்களின் பைசாந்தியத் தேவாலயப் பாடலில் வாத்தியம் கிடையாது. ஒரே மெட்டு. அதன் அடியில் சிலர் சொற்களில்லாமல் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு ஈசோன் என்று பெயர். நாதஸ்வரத்துக்கு ஒத்து இருப்பதைப் போல. அந்தப் பாடல் முறையை ஆராயத்தான் நான் தஞ்சாவூரிலிருந்து இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தேன்.

ஸ்டாவ்ரோஸும் டிராம் ஓட்டுநர்தான். அந்தத் தேவாலயத்தில் பாடுகிறவர். பணிமனையின் ஓய்வறையில் ஒருநாள் குளிர்சாதனப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அதே ஸ்வரத்தில், கண்ணை மூடிக்கொண்டு, அண்ணனும். ஸ்டாவ்ரோஸ் காப்பியைக் கீழே வைத்தார். அடுத்த வியாழக்கிழமை அவரைப் பாட்டுப் பயிற்சிக்கு அழைத்துவந்துவிட்டார்.

நான் அங்கே குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் தமிழ் பேசுவீர்களா என்று கேட்டேன்.

"பேசமாட்டன். கதைப்பன்" என்றார், சிரிக்காமல். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. பிறகு தன் தேநீரை எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார்.

முதல் மாதம் முழுவதும் அவர் ஒரே தவறைச் செய்தார். மெட்டு ஏறிப்போய் வேறோர் இடத்தில் கால் ஊன்றும்போது ஈசோனும் அங்கே நகர வேண்டும். அண்ணன் நகரவில்லை. நம் காதுக்குச் சுருதி என்றால் அசையாதது. கிரேக்கர்கள் எல்லோரும் நகர்ந்துவிட, அவர் மட்டும் பழைய இடத்திலேயே, மலைபோல. பாட்டுத் தலைவர் மூன்று முறை நிறுத்தினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நிலம் நகர்ந்தா நிக்கிறவன் என்ன செய்யிறது, பிள்ளை?"

புத்தகங்களில் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். என் விளக்கம் உதவியதாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவராகவே கண்டுபிடித்தார். தண்டவாளம் பிரியும் இடம் போலத்தான் இது என்றார். அங்கே வந்தபின் யோசிக்க முடியாது, தூரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அதன்பின் ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர் குரல் ஒரு படி நகரும்போது தேவாலயச் சுவரோவியங்களின் பொன்னும் சற்று நகர்வதாகத் தோன்றும். விளக்கின் வேலை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பனிக்காலத்தில் சில மாலைகள் அவருடைய டிராமில் காரணமின்றிப் போவேன். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்பேன். பேசமாட்டோம். கண்ணாடிக்கு வெளியே நகரம் நீருக்கடியில் இருப்பதுபோல் போகும். மஞ்சள் ஜன்னல்கள். கண்ணாடித் தடுப்பைத் தாண்டி மெல்லிய முனகல். பெரிய வெள்ளிக்கிழமை மாலை இயேசுவுக்காகப் பாடும் புலம்பல்களுக்குப் பயிற்சி செய்கிறார். அந்த ஒரு மாலையில் பாடவேண்டும் என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருடைய ஆசை.

அதற்கு ஒரு வாரம் முன்பு பாதிரியார் அவரைத் தனியே அழைத்தார். மென்மையான மனிதர், வயதானவர். பயிற்சியில் யார் வேண்டுமானாலும் பாடலாம். வழிபாட்டின்போது பாடகர் மேடையில் நிற்க ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றார். சொல்லும்போது அவர்தான் தலைகுனிந்திருந்தார். ஸ்டாவ்ரோஸ் ஞானத்தந்தையாக நிற்கத் தயார் என்றார். ஒரு பெயர்கூடத் தேர்ந்துவைத்திருந்தார்.

நானும் அறிவில்லாமல் சொன்னேன், ஒரு சடங்குதானே அண்ணா என்று.

"பிள்ளை, வெறும் சடங்கெண்டா நான் இண்டைக்கே செய்வன். அவை அதை உண்மையா நம்பீனம். நம்புற ஆக்களுக்கு முன்னாலை நான் பொய்யா நிக்கக்கூடாது."

அந்த வெள்ளிக்கிழமை அவர் வரமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். வந்தார். வேலைச் சீருடையில், கதவருகே, மெழுகுவத்திகள் நட்ட மணல் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். மேடையில் புலம்பல் தொடங்கியது. மெட்டு தனியாக மேலே போனது. அடியில் ஒன்றுமில்லை; ஈசோன் பிடிப்பவர்கள் இன்னும் தொடங்கவில்லை. பிறகு, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, அந்த ஸ்வரம்.

பாதிரியார் திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மக்கள் நிற்கும் இடத்தில் நின்று மக்கள் முனகலாம். அதைத் தடுக்கும் விதி இல்லை. அவர் மீண்டும் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் அண்ணன் அங்கேதான் நின்றார். மேடைக்கு ஏறவும் இல்லை, வராமல் இருக்கவும் இல்லை. நுரையீரல் கெட்டபின், இந்த வசந்தத்தில், மூச்சு பாதியில் அறுந்தது. பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் பேனாவை மூடிவிட்டு அந்த ஸ்வரத்தை வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார். அன்று என் குறிப்பேட்டில் அதற்குமேல் எதுவும் இல்லை.

மருத்துவமனைக்குப் பாதிரியார் வந்தபோது மலர் அக்கா, அண்ணனின் மனைவி, பயந்துபோனாராம், கடைசி நேரத்தில் மதம் மாற்ற வந்துவிட்டாரோ என்று. பாதிரியாரோ கட்டிலருகே உட்கார்ந்து, என்மேல் உங்களுக்குக் கோபமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"இல்லை. நீங்கள் என்னை வெளியாலை போகச் சொல்லேல்லையே" என்றாராம் அண்ணன்.

நேற்று தகன மண்டபத்தில் அக்கா பதிகம் பாடினார். பிறகு ஒவ்வொருவராக வாய்க்கரிசி இட்டோம். ஸ்டாவ்ரோஸும் இட்டார். வரிசை முடியும்போது, சுவரோரமாகக் கறுப்பு அங்கியில் பாதிரியார். ஒருவர் அரிசித் தட்டை அவரிடம் நீட்டினார். அவர் தட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்து, மெல்லத் தலையசைத்து மறுத்தார். மண்டபம் சற்று விறைத்தது. தட்டை மறுபடி நீட்டியவரை அக்கா தடுத்தார்.

"விடுங்கோ. அவர் நிக்கட்டும்."

பெட்டி உள்ளே போய், நாங்கள் எல்லோரும் வெளியே வெயிலுக்கு வந்தபின்னும் பாதிரியார் அங்கேயே நின்றிருந்தார்.

அண்ணா, இனி மூச்சைக் கணக்குப் பார்க்க வேண்டாம். நிதானமாகப் போங்கள்.