இடது குழாயில் இருந்த துணி

எங்கள் கராஜ் ஆணியில் ஒரு துணி தொங்குகிறது. இடுப்பில் கட்டும் பழைய சாரத்தில் கிழித்தது. புழுதி ஏறிக் காவி நிறமாகிவிட்டது. நான் துவைத்ததில்லை.

மச்சான், அக்காவின் புருஷன், தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். பந்தய நாளில் கார் ஓட்டுவார். அந்தக் காருக்கு நான்தான் மெக்கானிக். பந்தயத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரத்துத் தட்டு சூடேறும், அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்குப் போகும். ஒயில் கொதித்தால் குமிழி வரும். குமிழியை மிதித்து வண்டியை நிறுத்த முடியாது. அதனால் ஓடும்போது காற்றடித்துத் தட்டு ஆற, முன் பம்பரிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் காற்றுக் குழாய் இழுத்திருந்தேன். லொறியில் ஏற்றிப் போகும்போது புழுதி புகாமல் குழாய் வாயில் துணி அடைப்பேன்.

அன்று கலேவெலப் பக்கம் பந்தயம். வலது துணியை உருவினேன். அதற்குள் மச்சான், "டேய், அக்கா குடுத்த எலுமிச்சம்பழத்த வையிடா. வைக்கலன்னா வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார். நாலு டயருக்கும் பழம் வைத்தேன். கார் நசுக்கிக்கொண்டு போய்விட்டது. இடது துணியை மறந்துவிட்டேன்.

நாலாவது சுற்றில் வளைவுக்கு முன்னால் கார் வேகம் குறையவில்லை. கியர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கார் பாதையை விட்டு அறுத்த வயலுக்குள் பாய்ந்து, வைக்கோல் குவியலில் மோதி நின்றது. என் பையில் ஒரு துணிதான் இருந்தது. அப்போதுதான் தெரிந்தது. ஓடினேன்.

மச்சான் தானே இறங்கினார். தலையெல்லாம் வைக்கோல். பம்பருக்குக் குனிந்து துணியை உருவினார்.

"காருக்கு சளி புடிக்கும்னு மப்ளர் கட்டி விட்டியா?"

வயல் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. திட்டவில்லை. ஆட்கள் வருவதற்குள் துணியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அக்காவிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. பழம் வைத்தானா என்று கேட்டிருக்க வேண்டும்.

"வச்சான், வச்சான். நாலும் வச்சான். அதான் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அந்தத் துணியை அவரிடம் வாங்கிக் கராஜ் ஆணியில் மாட்டிவிட்டு, குழாய்க்கு வேறு கிழித்தேன். இப்போது பழம் வைத்த பிறகும் அவர் உடனே வண்டியை எடுப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். இரண்டு துணியையும் அதில் வைப்பேன். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஹெல்மட் போடுவார்.

அக்கா கராஜுக்கு வந்தால் ஆணியைப் பார்ப்பாள். "இந்த அழுக்குத் துணிய ஏன்டா இன்னும் வச்சிருக்க?" என்பாள். மச்சான் டயருக்குக் காற்றடிக்கப் போய்விடுவார்.

"இருக்கட்டும்க்கா" என்பேன்.